மூலத்தில் பிறந்த தையல்காரி: பாத்திரமேற்றல் விளையாட்டில் நட்சத்திரத்துக்கு என்ன வேலை?

இராவணனைப் பற்றிச் சாத்திரம் தெரிந்தவர்கள் சொல்லும் செவிவழிக் கதை ஒன்று உண்டு. மகன் மேகநாதன் யாராலும் வெல்ல முடியாதவனாகப் பிறக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட இராவணன், ஒன்பது கிரகங்களையும் அழைத்து, பிள்ளை பிறக்கும் நேரத்தில் எல்லோரும் பதினோராம் வீட்டில் போய் இருங்கள் என்று கட்டளையிட்டானாம். பதினோராம் வீடு இலாபத்துக்குரிய வீடு. அங்கே எந்தக் கிரகம் இருந்தாலும் நன்மை என்பது சாத்திரம். எல்லாக் கிரகங்களும் பயந்து அடங்கின. சனி மட்டும் கடைசி நேரத்தில் ஒரு காலை மெல்ல நீட்டிப் பன்னிரண்டாம் வீட்டில் வைத்துவிட்டார். பன்னிரண்டாம் வீடு விரயத்துக்குரியது. இதைக் கண்ட இராவணன் சனியின் காலை அடித்து முறித்தான். அன்றுமுதல் சனி நொண்டி நடக்கிறார், அதனால்தான் அவர் எல்லாக் கிரகங்களிலும் மெதுவானவர் என்பார்கள். மேகநாதனோ இந்திரனை வென்று இந்திரசித்து என்று பெயர் எடுத்தும், தகப்பனுக்கு முன்னரே போர்க்களத்தில் மாண்டான்.

கோணேசர் மலையில் இராவணன் வெட்டு இருக்கும் ஊரில், இளம்பிள்ளைகளோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்றல் விளையாட்டு ஆடுகிற எனக்கு, இந்தக் கதை வேறொரு காரணத்துக்காகப் பிடிக்கும். விளையாட வரும் ஒவ்வொரு புதுப் பிள்ளையும் முதலில் செய்வது இராவணன் செய்ததைத்தான். தன் பாத்திரத்துக்கு எல்லா இலக்கமும் உச்சமாக இருக்கவேண்டும். எங்கும் ஓட்டை இருக்கக்கூடாது. ஆனால் சனி காலை நீட்டிய பிறகுதான் மேகநாதனுக்கு ஒரு கதை கிடைக்கிறது.

பிறந்த நட்சத்திரத்தை வைத்து இந்த விளையாட்டுகளில் பாத்திரங்களை எப்படி உருவாக்கலாம், உருவாக்கும்போது எங்கே கவனம் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். நட்சத்திரம் என்பது திருமணப் பேச்சையே நிறுத்திவிடக்கூடிய ஓர் ஊரில் இதை வெறும் விளையாட்டுச் சங்கதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

விளையாட்டு எப்படி நடக்கும்?

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதைநடத்துநர். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். கதைநடத்துநர் நிலைமையைச் சொல்வார்: "இரவு. கடல் கொந்தளிக்கிறது. கரையில் யாரோ விளக்கை ஆட்டுகிறார்கள். என்ன செய்கிறீர்கள்?" ஒவ்வொருவரும் தம் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள். செய்வது கடினமானால் பகடை உருட்டப்படும். கதை எங்கே போகும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படித்தவர்களுக்குப் பாத்திரமேற்றல் என்ற சொல் பழகியது. அதோடு பகடையும் ஒரு தாளில் எழுதிய விதிகளும் சேர்ந்தால் இந்த விளையாட்டு.

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கி 1974 இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' இதன் தொடக்கம். அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பலம், அறிவு, வசீகரம் என்று ஆறு குணங்கள். மூன்று பகடைகளை உருட்டி 3 முதல் 18 வரை ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போடுவார்கள். பிறப்பு என்பது அங்கே பகடை விழுந்த விதம் மட்டுமே. பிறப்புக்கு ஓர் அர்த்தம் கொடுக்கும் முயற்சிகள் பின்னர் வந்தன.

பிறப்புக் குறியைப் பயன்படுத்திய மூன்று வழிகள்

முதலாவது வழி, குறியை இலக்கமாக மாற்றுவது. கணினி விளையாட்டு ஆடும் பிள்ளைகளுக்கு 2002 இல் வந்த 'மொரோவின்ட்' தெரிந்திருக்கும். அதில் 13 பிறப்புக் குறிகள். பன்னிரண்டு குறிகளுக்கு ஆளுக்கொரு மாதம். பதின்மூன்றாவதான பாம்புக்குச் சொந்த மாதம் இல்லை, அது வானத்தில் அலைந்துகொண்டே இருக்கும். குறியைத் தெரிவு செய்தவுடன் வேகம் கூடும், மந்திரசக்தி கூடும், அல்லது ஒன்று கூடி இன்னொன்று குறையும். ஒரு குறியில் பிறந்தவர் எதிரியின் மந்திரத்தை உறிஞ்சிக்கொள்வார், ஆனால் ஓய்வெடுத்தால் அவருக்குத் தன் சக்தி திரும்பாது. தெரிவு செய்த பின் அது ஆயுள் முழுவதற்கும் நிலைக்கும். அதே தொடரில் 2011 இல் வந்த 'ஸ்கைரிம்' இதை மாற்றியது. குறிகள் நிலத்தில் நட்ட கற்களாகிவிட்டன. எந்தக் கல்லைத் தொட்டாலும் அந்தக் குறி உங்களுடையது, நாளைக்கு வேறு கல்லைத் தொடலாம். விதி ஒன்பது வருடத்தில் சட்டை மாற்றுவதுபோல் ஆகிவிட்டது. ஆடுவோருக்கு வசதிதான். ஆனால் கழற்றிப்போடக்கூடிய ஒன்றைப் பிறப்பு என்று சொல்வதில் பொருள் இல்லை.

இரண்டாவது வழி, குறியை ஒரு நிகழ்வாக ஆக்குவது. 2012 இல் வெளியான 'டஞ்சன் க்ரோல் க்ளாசிக்ஸ்' என்ற மேசை விளையாட்டில் 30 பிறப்புச் சகுனங்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. போர்க்களத்தில் பிறந்தவர், பஞ்சத்தைக் கடந்து வந்தவர், கொள்ளைநோயில் தப்பியவர் என்று போகிறது அது. பாத்திரத்தின் அதிர்ஷ்ட இலக்கம் நன்றாக இருந்தால் சகுனம் உதவும். மோசமாக இருந்தால் அதே சகுனம் காலை வாரிவிடும். ஒரே குறி ஒருவருக்கு வரமாகவும் இன்னொருவருக்குச் சாபமாகவும் இருக்கலாம் என்ற இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கிறது. ஆனால் "போர்க்களத்தில் பிறந்தவர்" என்ற வரியைக் கிழக்கு மாகாணத்தில் சத்தமாக வாசிக்கும்போது மேசையில் இருப்பவர்கள் சிரிப்பதில்லை. அதை எழுதியவர் நினைத்ததைவிட இங்கே அதற்கு எடை அதிகம்.

மூன்றாவது வழி, குறியை ஒரு வாக்கியமாக எழுதுவது. 'ஃபேட்' என்ற விளையாட்டு முறையில் பாத்திரத்தைப் பற்றிய சில வாக்கியங்கள்தான் முக்கியம். "யாரையும் நம்பாத மாலுமி" என்று எழுதியிருந்தால், அது உதவும் இடத்தில் ஒரு வில்லையைச் செலவழித்து அதைப் பயன்படுத்தலாம். அதே வாக்கியம் உங்களுக்குச் சிக்கல் கொண்டுவரும் இடத்தில், சிக்கலை ஏற்றுக்கொண்டால் உங்களுக்கு ஒரு வில்லை கிடைக்கும். பட்ட துன்பம் பின்னால் கைகொடுக்கும் என்ற கணக்கு அது.

சாதகமே ஒரு பாத்திரத் தாள்

வெளிநாட்டு விளையாட்டுகள் இல்லாத நட்சத்திரங்களைக் கற்பனை செய்து உருவாக்கியதை, நம் சாதகக் குறிப்பு எப்போதோ முழுமையாகச் செய்து வைத்திருக்கிறது. பன்னிரண்டு கட்டங்களைப் பாருங்கள். முதலாம் வீடு உடல், தோற்றம். இரண்டு பேச்சும் பொருளும். மூன்று துணிவும் சகோதரரும். நான்கு தாயும் வீடும். ஆறு கடன், நோய், எதிரி. பத்து தொழில். பாத்திரத்தைப் பற்றி ஒரு கதாசிரியர் கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாம் அந்தக் கட்டங்களில் வரிசையாக இருக்கின்றன. புதிதாக விளையாட வருபவரிடம் "உன் பாத்திரத்தின் பின்னணி என்ன?" என்று கேட்டால் திகைப்பார். "ஆறாம் வீட்டில் யார்? யாருக்குக் கடன் கொடுக்கவேண்டும்?" என்று கேட்டால் உடனே கதை வந்துவிடும்.

அடுத்தது நட்சத்திரம். மேற்கத்தைய முறையில் "உன் குறி என்ன?" என்றால் சூரியன் இருந்த இராசி. ஒரு மாதத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான். சூரியன் மேடத்தில் நிற்கும் மாதம்தான் நம் சித்திரை. நாங்கள் பார்ப்பதோ சந்திரன் நின்ற இடத்தை. சந்திரன் வானத்தை ஏறக்குறைய இருபத்தேழேகால் நாளில் சுற்றுகிறது. அந்த வட்டத்தை 27 ஆகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை. ஒரு நாளுக்கு ஒரு நட்சத்திரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், மொத்தம் 108.

ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மரம் உண்டு, ஒரு மிருகம் உண்டு, தேவ, மனுஷ, இராட்சத என்ற மூன்று கணங்களில் ஒன்று உண்டு. ஆயிலியத்துக்கு எங்கள் கரையில் நிழல்தரும் புன்னை, மிருகம் பூனை. மகத்துக்கு ஆலமரம், எலி. உரோகிணிக்கு நாவல், பாம்பு. பொருத்தம் பார்க்கும்போது யோனிப் பொருத்தத்தில் பகை மிருகங்கள் என்று ஏழு சோடிகளைச் சொல்வார்கள்: பூனையும் எலியும், பாம்பும் கீரியும், பசுவும் புலியும், குதிரையும் எருமையும், யானையும் சிங்கமும், நாயும் மானும், ஆடும் குரங்கும். கலியாணத்தைத் தடுக்கும் இந்தப் பட்டியல் விளையாட்டு மேசையில் நல்ல வேலை செய்யும். பூனைப் பாத்திரமும் எலிப் பாத்திரமும் ஒரே வள்ளத்தில் போகவேண்டி வந்தால் கதைநடத்துநருக்கு வேலை குறைவு.

நீண்ட கதை ஆடுபவர்களுக்குத் தசை இருக்கிறது. விம்சோத்தரி முறையில் மொத்தம் 120 வருடம்: கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, இராகு 18, வியாழன் 16, சனி 19, புதன் 17. பிறந்த நட்சத்திரம் எந்தத் தசையில் தொடங்குவது என்று தீர்மானிக்கும். கதையில் வருடங்கள் ஓடித் தசை மாறும்போது, பாத்திரத்தைப் பற்றிய ஒரு வாக்கியத்தை மாற்றி எழுதலாம் என்பது எங்கள் மேசையின் விதி. ஸ்கைரிம் கல்லைத் தொட்டதும் மாறுவது போலல்ல, மொரோவின்ட் போல என்றைக்கும் மாறாமலிருப்பதும் அல்ல. இடையில் ஓர் ஆயுள் ஓடவேண்டும்.

நட்சத்திரத்தைத் தெரிவு செய்ய விசேட பகடை தேவையில்லை. சாதாரணப் பகடை ஒன்றை மூன்று முறை உருட்டுங்கள். 1, 2 விழுந்தால் முதலாவது, 3, 4 என்றால் இரண்டாவது, 5, 6 என்றால் மூன்றாவது என்று கொள்ளுங்கள். மூன்றை மூன்றாலும் மறுபடி மூன்றாலும் பெருக்கினால் 27. அச்சுவினி முதல் இரேவதி வரை எல்லாவற்றுக்கும் சமவாய்ப்பு.

மூலத்துக்குக் கழித்தல் இரண்டு?

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நட்சத்திரங்களோடு பலன் மட்டுமா வருகிறது? ஊர்ப் பழமொழிகளும் வருகின்றன. பரணி தரணி ஆளும், மகம் செகத்தை ஆளும் என்பார்கள். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்பார்கள். ஆயிலியப் பெண் மாமியாருக்கு ஆகாது, மூலம் மாமனாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது.

எங்கள் மேசைக்கு ஒரு முறை ஒரு பிள்ளை சொந்தமாகத் தயாரித்த பட்டியலோடு வந்தான். 27 நட்சத்திரத்துக்கும் கூட்டல் கழித்தல் போட்டிருந்தான். மகத்துக்குக் கூட்டல் 2. பெண் பாத்திரம் மூலமானால் கழித்தல் 2. அதைச் சத்தமாக வாசித்தபோது மேசையின் மறுபக்கம் இருந்த பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "அது என்ட நட்சத்திரம்."

அந்தக் கழித்தல் 2 என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாங்கள் ஆடும் முறையில் இரண்டு பகடை உருட்டி 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. 36 சாத்தியங்களில் 15, அதாவது 100 இல் ஏறக்குறைய 42. கூட்டல் 2 கிடைத்தால் 36 இல் 26, நூற்றுக்கு 72. கழித்தல் 2 என்றால் 36 இல் 6 மட்டுமே, நூற்றுக்கு 17. கதவைத் திறப்பது, வள்ளத்தைத் திருப்புவது, பொய்யை மறைப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாவற்றிலும், கதை முடியும்வரை, அவள் ஆறு முறைக்கு ஒரு முறைதான் வெல்வாள். சிறிய இலக்கம் போலத் தெரிவது முழு ஆயுளையும் தின்றுவிடுகிறது.

ஊரிலும் அப்படித்தான் நடக்கிறது, ஒரு வித்தியாசத்தோடு. செவ்வாய் குற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆம் வீடுகளில் செவ்வாய் நின்றால் குற்றம். பன்னிரண்டு வீட்டில் ஐந்து. விலக்குகளைக் கணக்கில் எடுக்காவிட்டால் பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்கு அது இருக்கும். இரண்டு பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பும் அதே பன்னிரண்டில் ஐந்துதான். இவ்வளவு பொதுவான ஒன்றால் பெண்பிள்ளைகள் முப்பது முப்பத்தைந்து வயதுவரை காத்திருக்கிறார்கள், சீதனம் கூட்டிக் கேட்கப்படுகிறது, பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோகிறது. அந்தப் பெண்ணின் கையில் பலம் குறைவதில்லை. அவளுடைய படிப்போ புத்தியோ குறைவதில்லை. குறிப்பைப் பார்த்தவர் முகத்தைத் திருப்புகிறார், அவ்வளவுதான். செவ்வாய் அவளுக்கு என்ன செய்கிறது என்று விவாதிக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் என்ன செய்கிறார்கள் என்பதில் விவாதமே இல்லை.

ஆகவே விளையாட்டிலும் நட்சத்திரத்தைப் பாத்திரத்தின் உடலில் வைக்காமல் ஊராரின் வாயில் வைக்கவேண்டும் என்பது என் முடிவு.

'ஊர்வாய்' விதி

நாங்கள் இப்போது ஆடும் முறை இது. பாத்திரத் தாளில் நட்சத்திரத்தின் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் இரண்டு வாக்கியங்கள் எழுதவேண்டும். ஒன்று, இந்த நட்சத்திரக்காரரைப் பற்றி ஊர் சொல்லும் நல்லது. மற்றது, ஊர் சொல்லும் கெட்டது. எந்தக் கூட்டலும் கழித்தலும் இல்லை. மூன்றாவதாக ஒரு கேள்விக்குப் பதில் எழுதவேண்டும்: உன் நட்சத்திரம் யாருக்கெல்லாம் தெரியும்?

கதையில் வரும் ஒருவர் அந்த நட்சத்திரத்தை அறிந்து, அதை நம்பி, அதனால் பாத்திரத்துக்குத் தடை போட்டால், ஆடுபவருக்கு ஒரு புளியங்கொட்டை கிடைக்கும். அதைப் பின்னர் எந்த உருட்டலிலும் செலவழித்து இரண்டு கூட்டிக்கொள்ளலாம். நல்ல வாக்கியத்தை ஒருவர் நம்பினால் அந்த இடத்தில் கதவு திறக்கும், ஆனால் கொட்டை கிடையாது. நம்பாதவர் முன்னால் நட்சத்திரத்துக்கு எந்த வேலையும் இல்லை. நட்சத்திரம் தெரியாத ஊருக்குப் போனால் பாத்திரம் புது ஆள்.

மூன்றாவது கேள்விதான் அதிகமான கதைகளைத் தருகிறது. தெரிந்தவர்கள் யார் என்றவுடன் இரகசியம் வருகிறது. இரகசியம் வந்தால் அதைக் காக்கும் சாத்திரியார் வருகிறார், திருத்திய குறிப்பு வருகிறது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்துவை என்று சொல்லும் சமூகம் நாங்கள். மூலத்தில் பிறந்த மகளுக்குத் தகப்பன் குறிப்பைத் திருத்தப் போகிறார் என்று வையுங்கள். ஒரு நாள் முன்னுக்கு எழுதினால் கேட்டை. அதற்கும் பழிச்சொல் இருக்கிறது. ஒரு நாள் பின்னுக்கு எழுதினால் பூராடம். பூராடம் நூலாடாது, அதாவது கழுத்தில் தாலி நிலைக்காது என்பார்கள். இரண்டு நாள் தள்ளினால்தான் உத்தராடம் வரும். ஆனால் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு நாள் வித்தியாசத்தை மறைப்பது இலேசில்லை. இந்த ஒரு சிக்கலை வைத்தே ஒரு மாலை முழுவதும் ஆடலாம்.

போராலும் 2004 ஆழிப்பேரலையாலும் வீடும் பெட்டகமும் போனவர்களின் ஊர் இது. அவற்றோடு பிறப்புச் சான்றிதழ்களும் சாதக ஓலைகளும் போயின. "பிறந்த நேரம் தெரியாது" என்பதையும் ஒரு குறியாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். மொரோவின்டின் பாம்பு போல மாதம் இல்லாத குறி அது. அப்படிப்பட்டவரைப் பற்றி ஊருக்குச் சொல்ல எதுவும் இல்லை. அது விடுதலையா, யாரும் நம்பிப் பெண்ணோ மாப்பிள்ளையோ தராத தனிமையா என்பதை ஆடுபவர் தீர்மானிப்பார்.

மூன்று சமூகம், ஒரு மேசை

திருகோணமலையில் ஒரு மேசை போட்டால் தமிழர் மட்டும் உட்காரமாட்டார்கள். சிங்களப் பிள்ளைகளுக்கு இது பழகிய விடயம். அவர்களிடமும் கேந்தரய என்ற சாதகம் இருக்கிறது, சித்திரைப் புத்தாண்டில் அடுப்பு மூட்டுவதற்கும் நேரம் பார்க்கிறார்கள். ஆனால் "உன் குறி என்ன?" என்றால் தமிழ்ப் பிள்ளை சந்திரன் நின்ற இராசியைச் சொல்லும், சிங்களப் பிள்ளை பெரும்பாலும் இலக்கினத்தைச் சொல்லும். தமிழ்ப் பத்திரிகையில் வருவது இராசிபலன், சிங்களப் பத்திரிகையில் வருவது லக்ன பலன். இலக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை மாறும், சந்திரன் ஓர் இராசியில் இரண்டேகால் நாள் இருக்கும். இந்த வித்தியாசத்தை முதலில் பேசிக்கொள்ளாவிட்டால் ஆட்டத்தில் குழப்பம் வரும்.

இந்தப் பகிர்வு பழையது. இலங்கையில் எழுந்து இன்று கிடைக்கும் தமிழ் நூல்களில் மிகப் பழையதாகக் கொள்ளப்படும் சரசோதிமாலை ஒரு சோதிட நூல். போசராச பண்டிதர் அதை 1310 இல் அரங்கேற்றியது தம்பதெனியாவில், பராக்கிரமபாகு என்ற சிங்கள மன்னனின் அவையில்.

முஸ்லிம் பிள்ளைகளின் நிலை வேறு. சோதிடம் பார்ப்பதை இஸ்லாம் விலக்கியிருக்கிறது. கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ வரும் பிள்ளையிடம் "விளையாட்டுத்தானே, ஒரு நட்சத்திரத்தை எடு" என்று சொல்வது முறையல்ல. அதற்காக அந்தப் பிள்ளையின் பாத்திரம் மட்டும் குறியில்லாமல் நிற்பதும் நல்லதல்ல. இதற்கு எங்களுக்குக் கடல்தான் வழிசொன்னது. வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல். கடற்றொழில் செய்பவர் எந்த மதத்தவரானாலும் இந்தக் காற்றுகளின்படிதான் வாழ்கிறார். வாடைக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளித்துத் தொழில் படுக்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்க, நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி அடித்துத் தங்குவார்கள்.

பிறந்தபோது அடித்த காற்று என்ற குறியில் எதிர்காலம் சொல்வது எதுவும் இல்லை. வீட்டில் அப்போது சோறு இருந்ததா, தகப்பன் கரையில் இருந்தாரா கடலில் இருந்தாரா என்பதை மட்டும் அது சொல்லும். வாடையில் பிறந்த பிள்ளையைப் பார்த்து "இது பிறந்த மாதம் அடுப்பு எரியவில்லை" என்று குடும்பம் சொல்லிக்கொண்டே இருக்கும். அதுவும் ஊர்வாய்தான். விதியை மாற்றவேண்டிய தேவையே இல்லை. மேசையில் யாரும் நட்சத்திரத்தையோ காற்றையோ தெரிவு செய்யலாம். எந்தச் சமூகப் பிள்ளை எதை எடுக்கவேண்டும் என்று கதைநடத்துநர் சொல்லக்கூடாது.

1942 ஏப்ரல்: ஓர் உதாரணம்

விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று காட்ட நாங்கள் ஆடிய ஒரு கதையைச் சொல்கிறேன். காலம் 1942 ஏப்ரல் 8, இடம் திருகோணமலைத் துறைமுகம். ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் வருகின்றன என்ற எச்சரிக்கை கிடைத்து, அன்றிரவு கப்பல்கள் துறைமுகத்தை விட்டுப் புறப்படுகின்றன. மறுநாள் காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கும். ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் விழுந்து எரியும். இவையெல்லாம் வரலாறு. பாத்திரங்கள் எங்கள் கற்பனை.

மூன்று பாத்திரங்கள். ஒருத்தி தையல்காரி, நட்சத்திரம் மூலம், இராட்சத கணம், மிருகம் நாய். ஊர் சொல்லும் நல்லது: "மூலக்காரி பிடித்தால் விடமாட்டாள்." கெட்டது: "காலடி வைத்த வீடு விளங்காது." தெரிந்தவர்கள்: தகப்பன், சாத்திரியார், பக்கத்து வீட்டு வண்டிக்காரர். இரண்டாமவன் மூதூருக்கும் பட்டினத்துக்கும் இடையில் ஆட்களை ஏற்றும் தோணிக்காரன், கச்சானில் பிறந்தவன். "அவசரக்காரன், ஆனால் வந்துசேர்ந்துவிடுவான்." மூன்றாமவன் காலியிலிருந்து கப்பற்றளத்துக்கு வேலைக்கு வந்த மின்வேலைக்காரன், இலக்கினம் மகரம். அவனுடைய குறி இங்கே யாருக்கும் தெரியாது.

இரவோடிரவாக ஊரை விட்டு வெளியேற வண்டிக்காரரிடம் இடம் கேட்கிறாள் தையல்காரி. பெண்டு பிள்ளைகளோடு போகிற வண்டியில் மூலத்தை ஏற்றமாட்டேன் என்கிறார் அவர். ஒரு புளியங்கொட்டை. துணி தைத்த கூலியைக் கேட்டுக் கடைக்குப் போகிறாள். வண்டிக்காரர் அங்கே ஏற்கனவே வாய் திறந்துவிட்டார். இன்னொரு கொட்டை. விடியும்போது அவள் இன்னும் கரையில்தான் நிற்கிறாள், கையில் இரண்டு கொட்டை. குண்டு விழத் தொடங்கியதும் தோணி கவிழ்கிறது. நீரில் தத்தளிக்கும் மின்வேலைக்காரனை இழுக்க உருட்டுகிறாள், 6 விழுகிறது. ஒரு கொட்டையைச் செலவழித்தாள், 8. அவளைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவனை, ஊர் ஒதுக்கிய அவமானத்தில் சேர்த்த பலத்தால் காப்பாற்றினாள். அவளுடைய தாளில் கழித்தல் 2 இருந்திருந்தால் 4 என்று அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும்.

அன்று மாலை கரையில் செய்தி வருகிறது. துறைமுகத்தில் நின்றால் ஆபத்து என்று முதல்நாள் இரவு புறப்பட்டுப்போன ஹேர்மீஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதுவும் வரலாறுதான். மேசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டான், அத்தனை பேருக்கும் ஒரே நட்சத்திரமா என்று. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னர் உரோமில் சிசரோ கேட்ட கேள்வி அது. கன்னே போரில் ஒரே நாளில் மாண்ட அத்தனை வீரர்களும் ஒரே நட்சத்திரத்திலா பிறந்தார்கள் என்று அவர் கேட்டார். அன்று நாங்கள் பகடையை வைத்துவிட்டு அரை மணித்தியாலம் அதைப் பற்றியே பேசினோம். சாத்திரத்தை நம்பும் பிள்ளைகளும் நம்பாத பிள்ளைகளும் ஒருவரையொருவர் மடக்காமல் பேசியது, அந்தக் கேள்வி முதலில் கற்பனைப் பாத்திரங்களைப் பற்றியதாக இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

ஆட நினைப்பவர்களுக்கு

சொந்த நட்சத்திரத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்கச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். பகடை தீர்மானிக்கட்டும். தானாக விரும்பி எடுத்தால் அது அவர்களுடைய உரிமை. ஒருவரின் உண்மையான குறிப்பை மேசைக்குக் கொண்டுவரவேண்டாம். சிறிய ஊரில் அது மேசையோடு நிற்காது. கெட்ட வாக்கியத்தை எழுதும்போது சாவு, விதவை, பிள்ளையின்மை ஆகியவை வேண்டுமா என்று எல்லோரிடமும் முன்னரே கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான், காரணம் கேட்கத் தேவையில்லை. தேவையான பொருட்கள் இரண்டு பகடை, பென்சில், ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, 27 நட்சத்திரமும் வரிசையாக உள்ள பஞ்சாங்கம் ஒன்று. எல்லாம் எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும்.

ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஆடியவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறோம்: இப்போது ஊர் உன்னைப் பற்றி என்ன சொல்கிறது? அதைப் பழைய வாக்கியத்துக்குக் கீழே எழுதவேண்டும், பழையதை அழிக்கக்கூடாது. தையல்காரியை ஆடிய பிள்ளை நீண்ட நேரம் யோசித்து, "மூலக்காரிதான். குண்டு விழுந்த அன்று கரையில் நின்றவள் அவள் ஒருத்திதான்" என்று எழுதினாள். வண்டிக்காரர் ஊருக்குத் திரும்பி வரும்போது இந்த வாக்கியத்தை நம்புவாரா என்பதை அடுத்த சனிக்கிழமை ஆடிப் பார்க்கவேண்டும்.